கிறிஸ்துமஸ் காலத்தில் விசுவாசம் ஆழப்படுவதும் தைரியம் பெறுவதும் எப்படி?

கேள்வி
எழுதியவர்: அமைதிதேடி

அனைவருக்கும் ஸ்தோத்திரம். இந்தக் குழுவில் பலருடைய பதில்களை வாசித்துப் பயன்பெற்றிருக்கிறேன். இன்று என் கேள்வியையும் வைக்கிறேன்.

டிசம்பர் பிறந்துவிட்டால் பாடகர் குழுப் பயிற்சி, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் நாடகம், வீட்டு அலங்காரம், பரிசுகள், வாழ்த்துச் செய்திகள் என்று மாலை நேரம் முழுவதும் போய்விடுகிறது. இவற்றில் எதையும் நான் குறைசொல்லவில்லை, மகிழ்ச்சியோடுதான் செய்கிறேன். ஆனாலும் கிறிஸ்துமஸ் காலை ஆராதனையில், சிறுவயதிலிருந்து பாடிவரும் பாடல்களைப் புத்தகம் பாராமல் பாடும்போது, வாய் பாடுகிறதே தவிர மனம் அதில் ஒட்டவில்லை என்பதை உணர்கிறேன். தேவன் மனிதரானார் என்று நாம் அறிக்கையிடுகிறோம். அதைவிடப் பெரிய செய்தி இருக்க முடியாது. அப்படியிருந்தும் அது என்னை ஏன் அசைக்கவில்லை என்ற கேள்வி நெடுநாளாகவே எனக்குள் இருக்கிறது.

இந்த ஆண்டு அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. என் தகப்பனார் சில மாதங்களுக்கு முன் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். கிறிஸ்துமஸ் அன்று உறவினர் அனைவரும் கூடும்போது லூக்கா இரண்டாம் அதிகாரத்தை வாசித்து ஜெபிப்பவர் அவர்தான். அவருடைய வேதாகமத்தில் அந்தப் பக்கத்தின் கீழ் ஓரம் மட்டும் விரல் பட்டுப் பட்டு மெலிந்து பழுப்பேறியிருக்கிறது. இந்த முறை நீயே வாசித்து ஜெபம்செய் என்று அம்மா சொல்லிவிட்டார்கள். கூடிவருகிறவர்களில் என் பெரியப்பா மகன் விசுவாசத்தை விட்டு விலகியவர். நல்லவர், அப்பாவின் கடைசி நாட்களில் இரவும் பகலும் எங்களோடு இருந்தவர். ஆனால் ஜெபம் என்ற பேச்சு வந்தால், ‘இத்தனை பேர் ஜெபித்தும் சித்தப்பா பிழைக்கவில்லையே’ என்று கேட்டுவிடுவார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வி எனக்குள்ளும் இருக்கிறது என்பதே உண்மை.

என் கேள்விகள் இரண்டு. பண்டிகையின் பரபரப்புக்கு நடுவில் விசுவாசம் ஆழப்பட என்ன செய்யலாம்? இவ்வளவு சந்தேகத்தையும் துக்கத்தையும் வைத்துக்கொண்டு, எல்லார் முன்னிலும் எழுந்து நின்று ஜெபிக்கும் தைரியம் எங்கிருந்து வரும்?

பதில் 1
எழுதியவர்: மூத்தசகோதரன்

அன்பான சகோதரி, உங்கள் தகப்பனாரின் மறைவுக்காக வருந்துகிறேன். கர்த்தர் உங்களையும் தாயாரையும் தேற்றுவாராக.

உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதன் விடைக்குள்ளேயே முதல் கேள்வியின் விடையும் பெருமளவு அடங்கியிருக்கிறது. கிறிஸ்துவின் பிறப்பைச் சொல்லும் பகுதிகளில் தேவதூதன் நான்கு இடங்களில் பயப்பட வேண்டாம் என்கிறான்: தேவாலயத்தில் தூபங்காட்டிக்கொண்டிருந்த சகரியாவிடம், நாசரேத்தில் மரியாளிடம், சொப்பனத்தில் யோசேப்பிடம், வயல்வெளியில் மேய்ப்பர்களிடம். இந்த நால்வகையினரில் ஒருவரும் அந்த நேரத்தில் தைரியசாலியாக இருக்கவில்லை. சகரியா கலங்கினார், மரியாள் கலங்கினாள், மேய்ப்பர்கள் மிகவும் பயந்தார்கள். பயம் தெளிந்தவர்களைத் தேடிப்பிடித்துத் தேவன் வேலை கொடுத்ததாக அங்கே எழுதப்படவில்லை. பயத்தோடு நின்றவர்களிடம்தான் செய்தி வந்தது. செய்தியோடு சேர்ந்தே அடுத்துச் செய்ய வேண்டிய ஒரு காரியமும் வந்தது. பிள்ளைக்கு இந்தப் பெயரை வை, மனைவியைச் சேர்த்துக்கொள், போய்ப் பார்.

இவர்களில் யோசேப்பைக் கவனித்து வாசிக்கும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். நான்கு சுவிசேஷங்களிலும் அவர் பேசியதாக ஒரு வாக்கியம்கூடப் பதிவாகவில்லை. அவர் எழுந்தார், கூட்டிக்கொண்டு போனார், திரும்பிவந்தார் என்று அவருடைய செயல்கள் மட்டுமே மத்தேயுவில் இருக்கின்றன. இதில் பலரும் கவனியாமல் கடந்துபோகும் இடம் இரண்டாம் அதிகாரம் இருபத்திரண்டாம் வசனம். எகிப்திலிருந்து திரும்பும்போது, ஏரோதின் மகன் அர்கெலாயு யூதேயாவில் அரசாளுகிறான் என்று கேள்விப்பட்டு, யோசேப்பு அங்கே போகப் பயந்தார் என்று மத்தேயு வெளிப்படையாக எழுதுகிறார். தேவதூதனே சொப்பனத்தில் தோன்றிப் பயப்படாதே என்று சொன்ன மனிதர் மறுபடியும் பயப்படுகிறார்! அந்தப் பயம் வீணானதும் அல்ல. அர்கெலாயுவின் ஆட்சி பஸ்கா பண்டிகைக்கு வந்திருந்த மக்களைக் கொன்று குவித்ததோடு தொடங்கியது. அவனுடைய கொடுமையைக் குறித்த முறையீடுகள் பெருகியதால் கி.பி. 6ஆம் ஆண்டில் அகுஸ்து இராயனே அவனைப் பதவியிலிருந்து நீக்கி நாடுகடத்தினார். யோசேப்பின் பயத்துக்காகத் தேவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. இன்னொரு சொப்பனத்தின் மூலம் வேறு வழி காட்டினார். அவர் கலிலேயாவுக்குப் போனார், நாசரேத்தில் குடியிருந்தார்.

ஆகவே, பயம் முழுவதும் நீங்கிய பிறகு ஜெபிக்க எழுந்திருப்பேன் என்று நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை. வேதத்தில் தைரியம் என்பது பெரும்பாலும் அடுத்த அடியை எடுத்துவைக்கும்போது, அந்த அடிக்குப் போதுமான அளவு கொடுக்கப்படுகிறது. முன்கூட்டியே மொத்தமாகக் கைக்கு வந்துவிடுவதில்லை.

இன்னொன்று. செய்தியைப் பெற்ற மரியாள் தனியே உட்கார்ந்து அதைச் சுமக்கவில்லை. மலைநாட்டுக்குத் தீவிரமாய்ப் போய், தன் இனத்தாளும் அப்போது கர்ப்பவதியுமான எலிசபெத்தோடு ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினாள். அவளுடைய துதிப்பாடல் எலிசபெத்தின் வீட்டில்தான் பிறந்தது. தேவதூதனிடம் அவள் ஒப்புக்கொண்டது சில வார்த்தைகளில் முடிந்துவிட்டது. அந்த ஒப்புதல் பாடலாகப் பெருகுவதற்கு, அதே பாதையில் சில மாதம் முன்னே நடந்துகொண்டிருந்த ஒரு மூத்த பெண்ணின் துணை இருந்தது. உங்கள் சபையில், தகப்பனையோ கணவனையோ இழந்து, விசுவாசத்தில் நிலைத்திருக்கிற ஒரு தாயார் நிச்சயம் இருப்பார். பண்டிகைக்கு முன் ஒரு மாலைப் பொழுதை அவரோடு செலவிடுங்கள். விசுவாசம் ஆழப்படுவதற்கு நான் அறிந்தவற்றில் இதற்கு நிகரான வழி குறைவு.

பதில் 2
எழுதியவர்: இரவுப்பணி

நான் செவிலியராகப் பணிபுரிகிறேன். ஒரு கிறிஸ்துமஸ் இரவில், மூச்சுத்திணறலோடு சேர்க்கப்பட்டிருந்த முதியவர் ஒருவர் முகத்திலிருந்த ஆக்சிஜன் கவசத்தைச் சற்று விலக்கி, எனக்காக ஜெபிப்பாயா அம்மா என்று கேட்டார். அக்கம்பக்கத்துப் படுக்கைகளில் எல்லாரும் விழித்திருந்தார்கள். கவசத்தை முதலில் அவருக்குச் சரியாகப் பொருத்திவிட்டு, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். கர்த்தருடைய ஜெபத்தைத் தவிர வேறெதுவும் என் வாயில் வரவில்லை; குரலும் நடுங்கியது. பாதி சொல்வதற்குள், கவசத்துக்குள்ளிருந்து அவருடைய உதடுகளும் என்னோடு சேர்ந்து அசையத் தொடங்கின.

மனப்பாடமாகப் பாடுவதில் மனம் ஒட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் மனப்பாடமாக இருப்பதை அற்பமாக எண்ணிவிடாதீர்கள், அக்கா. சொந்த வார்த்தைகள் கிடைக்காத நேரத்தில் எனக்கும் அந்த முதியவருக்கும் கைகொடுத்தவை சிறுவயதில் அர்த்தம் முழுவதும் புரியாமல் கற்றுக்கொண்ட அந்த வார்த்தைகள்தான். உறவினர் கூடும் நேரத்தில் உங்களுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டால், கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லுங்கள். அது போதும்.

பதில் 3
எழுதியவர்: திருவருகை

நான் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவன். என் சொல்வழக்கு சற்று வேறுபட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அண்ணனின் கேள்வியைப் பற்றியே எழுத விரும்புகிறேன், ஏனென்றால் கிறிஸ்து பிறப்பு விழா அந்தக் கேள்விக்கு இடமில்லாத விழா என்பதுபோல் நாம் நடந்துகொள்கிறோம். திருச்சபையின் நாட்காட்டி அப்படி நடந்துகொள்வதில்லை.

டிசம்பர் 25 விழா முடிந்த மறுநாளே, 26ஆம் தேதி, கல்லெறியுண்டு இறந்த முதல் மறைச்சாட்சி ஸ்தேவானின் விழா. 28ஆம் தேதி, ஏரோதின் ஆணையால் பெத்லகேமில் கொல்லப்பட்ட மாசில்லாக் குழந்தைகளின் விழா. ஆங்கிலிக்கன், லூத்தரன் சபைகளின் நாட்காட்டிகளிலும் இந்த நாட்கள் உண்டு. குடில் அப்படியே இருக்கும்போதே, விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும்போதே, பிள்ளைகளை இழந்த தாய்மாரின் அழுகையைத் திருச்சபை வாசிக்கச் சொல்கிறது. அந்த இடத்தில் மத்தேயு எரேமியாவின் வார்த்தையை எடுத்து எழுதுகிறார்: ராகேல் தன் குழந்தைகளுக்காக அழுகிறார், ஆறுதல் பெற மறுக்கிறார். மத்தேயு அவரை அதட்டவும் இல்லை, அவசர ஆறுதல் சொல்லி அடக்கவும் இல்லை. அந்த அழுகை நற்செய்தியின் ஒரு பகுதியாக அப்படியே நிற்கிறது. ஆகவே, உங்கள் துக்கத்தை வாசலில் விட்டுவிட்டு விழாவுக்குள் வர வேண்டும் என்று யாராவது சொன்னால், அதை ஏற்க வேண்டாம்.

சந்தேகத்தைப் பற்றியும் ஒரு சொல். எங்கள் மூன்றாண்டு வாசகச் சுழற்சியின் முதல் ஆண்டில், திருவருகைக்காலத்தின் (கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய ஆயத்த வாரங்களின்) மூன்றாம் ஞாயிறன்று மத்தேயு 11ஆம் அதிகாரம் வாசிக்கப்படுகிறது. மகிழ்ச்சியின் ஞாயிறு என்று அழைக்கப்படும் அந்த நாளில் நாம் கேட்பது, சிறையில் அடைபட்ட திருமுழுக்கு யோவானின் சந்தேகம். யோர்தான் கரையில் இயேசுவைச் சுட்டிக்காட்டிய அதே யோவான்தான், வரவேண்டியவர் நீர்தானா, வேறொருவருக்காகக் காத்திருக்க வேண்டுமா என்று ஆளனுப்பிக் கேட்கிறார். இயேசு அவரை ஒதுக்கவில்லை. பார்வையற்றோர் பார்வை பெறுவதையும் ஏழைகளுக்கு நற்செய்தி அறிவிக்கப்படுவதையும் போய்ச் சொல்லுங்கள் என்று பதில் அனுப்பிவிட்டு, வந்தவர்கள் திரும்பிச் சென்றதும், பெண்களிடம் பிறந்தவர்களில் யோவானைவிடப் பெரியவர் எவரும் இல்லை என்று கூட்டத்தாரிடம் கூறுகிறார். சந்தேகம் கேட்ட அன்றே அவருக்கு இந்தப் பாராட்டு கிடைக்கிறது. ஆனாலும் யோவான் விடுதலையாகவில்லை. அதே சிறையில் கொல்லப்பட்டார். உங்கள் அண்ணன் கேட்பதும் ஏறக்குறைய இதைத்தான். இதற்கு எளிய விடை எனக்குத் தெரிந்து எவரிடமும் இல்லை. ஆனால் கேள்வியை எங்கே எடுத்துச்செல்ல வேண்டும் என்பதை யோவான் காட்டுகிறார்: அவர் அதை இயேசுவிடமே அனுப்பினார்.

தைரியத்தைப் பற்றி எண்ணும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவர் ஆல்ஃபிரட் டெல்ப் என்ற ஜெர்மானிய இயேசு சபைக் குரு. நாட்சி ஆட்சியை எதிர்த்தவர்களோடு தொடர்பு கொண்டிருந்ததற்காக 1944 ஜூலையில் கைது செய்யப்பட்டு, அந்த ஆண்டின் திருவருகைக்காலத்தைப் பெர்லினின் டேகல் சிறையில் கழித்தார். கைகளில் விலங்கு இருந்த நிலையிலேயே சிறு தாள்களில் திருவருகைக்காலத் தியானங்களை எழுதினார்; சலவைத் துணிகளோடு அவை வெளியே கொண்டுவரப்பட்டன. டிசம்பர் 8ஆம் தேதி, தம்மைப் பார்க்க வந்த சக குருவின் முன்னிலையில், அந்தச் சிறையிலேயே இறுதி வார்த்தைப்பாடு (துறவற வாக்குறுதி) கொடுத்தார். 1945 பிப்ரவரி 2ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார். அது ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக அர்ப்பணித்த விழா நாள். சிமியோன் குழந்தையைக் கையில் ஏந்தி, உம் அடியேனை அமைதியுடன் போகச்செய்கிறீர் என்று சொன்னதை நினைவுகூரும் நாள். அதே டேகல் சிறையில், 1943ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸுக்கு, லூத்தரன் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் சக கைதிகளுக்காக ஜெபங்கள் எழுதிக் கொடுத்தார். அலங்காரமும் பாடகர் குழுவும் உறவினரும் இல்லாத இடத்திலும் இவ்விருவருக்கும் திருவிழா குறைந்துபோகவில்லை. உங்கள் முதல் கேள்வியோடு இதைச் சேர்த்து எண்ணிப்பாருங்கள்.

பதில் 4
எழுதியவர்: தினவாசிப்பு

மேலே எழுதியவர்கள் சொன்னவற்றை ஏற்கிறேன். நடைமுறைக்காகச் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

லூக்கா சுவிசேஷத்தில் 24 அதிகாரங்கள் இருக்கின்றன. டிசம்பர் முதல் தேதியில் தொடங்கி நாளொன்றுக்கு ஓர் அதிகாரம் வாசித்தால், 24ஆம் தேதி இரவில் நீங்கள் உயிர்த்தெழுதலை வாசித்துக்கொண்டிருப்பீர்கள். நான் இதை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பிறப்பின் பகுதியை மட்டும் தனியே எடுத்து ஆண்டுதோறும் வாசிப்பதால்தான் அது நமக்குப் பழகிப்போய்விடுகிறது. முன்னணையில் கிடத்தப்பட்டவர் யார், அவர் எப்படி வாழ்ந்தார், எப்படி மரித்தார், எப்படி எழுந்தார் என்பதையெல்லாம் வாசித்த பிறகு இரண்டாம் அதிகாரத்துக்குத் திரும்பினால், அதே வசனங்கள் வேறு கனத்தோடு ஒலிக்கும். தேதி தாண்டிவிட்டால் இரண்டு அதிகாரங்களாக வாசித்துச் சேர்த்துக்கொள்ளலாம். விட்டதை நினைத்துக் கைவிட வேண்டாம்.

பாடகர் குழுவையும் பிள்ளைகளின் நாடகத்தையும் விட்டு விலகினால்தான் ஆழம் கிடைக்கும் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மேய்ப்பர்கள் பிள்ளையைக் கண்ட பிறகு தங்கள் மந்தைக்குத்தான் திரும்பிப்போனார்கள்; போகும்போது தேவனை மகிமைப்படுத்திக்கொண்டே போனார்கள். பயிற்சிக்குப் பத்து நிமிடம் முன்பாகப் போய், கைபேசியை அணைத்துவிட்டு, அன்று பாடப்போகும் பாடலின் ஒரே ஒரு சரணத்தை மட்டும் நிதானமாக வாசித்து, அதையே ஜெபமாகச் சொல்லிப்பாருங்கள். வேலையைக் குறைக்க வேண்டுமானால் பரிசுகளிலும் வாழ்த்துச் செய்திகளிலும் குறைக்கலாம். அவற்றில் பாதியை யாரும் எதிர்பார்ப்பதே இல்லை.

இன்னும் ஒன்று: 25ஆம் தேதியோடு எல்லாவற்றையும் முடித்துவிடாதீர்கள். மேற்கத்திய சபை மரபில் அன்றுதான் பண்டிகைக் காலம் தொடங்குகிறது. ஞானியர் இயேசுவைக் காண வந்ததை நினைவுகூரும் ஜனவரி 6ஆம் தேதியின் பிரசன்னத் திருநாள் வரை பன்னிரண்டு நாட்கள் இருக்கின்றன. கூட்டமும் சத்தமும் ஓய்ந்த அந்த நாட்களில் மத்தேயுவின் முதல் இரண்டு அதிகாரங்களை வாசியுங்கள். துக்கத்தில் இருப்பவர்களுக்குப் பண்டிகை நாளைவிட அதற்குப் பிந்தைய நாட்களே கடினமானவை. அந்த நாட்களுக்கென்று ஓர் ஒழுங்கை இப்போதே வைத்துக்கொள்வது நல்லது.

மறுமொழி
எழுதியவர்: அமைதிதேடி

உங்கள் அனைவருக்கும் என் இருதயப்பூர்வமான நன்றி. யோசேப்பு மறுபடியும் பயந்தார் என்ற வசனத்தை எத்தனையோ முறை கேட்டிருந்தும், அது என் காதில் விழுந்ததே இல்லை. நேற்று அம்மாவுக்கு அதை வாசித்துக் காட்டினேன். ஜெபிக்கச் சம்மதித்துவிட்டேன். இன்னும் ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. அண்ணன் அங்கே இருக்கும்போது எப்படி ஜெபிப்பது? அவர் மனம் மாறும்படி அந்த ஜெபத்திலேயே வேண்டலாமா? அவர் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டால் என்ன சொல்வது?

பதில் 5
எழுதியவர்: மூத்தசகோதரன்

சகோதரி, அவருக்காகத் தனியறையில் பெயர் சொல்லி எவ்வளவு வேண்டுமானாலும் மன்றாடுங்கள். எல்லாரும் கூடியிருக்கும் இடத்தில் வேண்டாம். தேவனிடம் பேசுவதுபோல் உறவினருக்குப் பிரசங்கம் செய்யும் ஜெபத்தை, விசுவாசம் இல்லாதவர்கள் உடனே கண்டுகொள்வார்கள். அது அவர்களைப் புண்படுத்தும். சுருக்கமாக ஜெபியுங்கள். தகப்பனாருக்காக நன்றி சொல்லுங்கள். அவருடைய கடைசி நாட்களில் அவரைப் பார்த்துக்கொண்டவர்களுக்காகவும் நன்றி சொல்லுங்கள். உங்கள் அண்ணன் அதில் அடங்குகிறார். அது முகஸ்துதியும் அல்ல, நடந்த உண்மை.

அவர் கேள்வியை எழுப்பினால், உங்களிடம் இல்லாத பதிலை உண்டாக்கிச் சொல்ல முயல வேண்டாம். நம்மிலிருக்கிற நம்பிக்கையைக் குறித்து விசாரிக்கிற யாவருக்கும் பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கும்படி பேதுரு எழுதும்போது, சாந்தத்தோடும் வணக்கத்தோடும் சொல்லும்படிதான் எழுதுகிறார். அந்தக் கேள்வி எனக்கும் இருக்கிறது, அண்ணா, அதை நான் தேவனிடமே கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று நீங்கள் சொன்னால், அது உண்மையான சாட்சி. பிசாசு பிடித்த தன் மகனைக் கொண்டுவந்த தகப்பன், விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும் என்று கண்ணீரோடு சத்தமிட்டது கூட்டத்தின் நடுவிலேதான். இயேசு அவனுடைய பிள்ளையைக் குணமாக்கினார்.

வாசிப்பதற்கு முன் அந்தப் பகுதியை வீட்டில் இரண்டு மூன்று முறை சத்தமாக வாசித்துப் பழகிக்கொள்ளுங்கள். சிரேனியு, அகுஸ்து இராயன் ஆகிய பெயர்கள் முதல் இரண்டு வசனங்களிலேயே வந்துவிடுகின்றன. அழுகை நெருங்கும் நேரத்தில் அங்கே தடுமாறாமல் இருந்தால், மீதியை வாசித்துவிடலாம். அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். உங்களால் தொடர முடியாமற்போனால் அவர்கள் எந்த வசனத்திலிருந்து எடுத்து வாசிக்க வேண்டும் என்பதையும் இருவரும் முன்னதாகவே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.